தேள் கடித்த பெருவிரல்

என் தம்பியை உலகத்துக்குக் கொண்டுவந்தது என் தொண்டை. இதை நான் எங்கே போனாலும் சொல்லுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். சிட்னிக்கு வந்து அடுத்தவர் வீட்டுக் கழிவறை தேய்த்துத் தொடங்கி, இன்று குவேக்கர்ஸ் ஹில்லில் சொந்தமாகக் கிளீனிங் கொம்பனி நடத்துகிறேன். என் பெயர் எழுதிய வான்கள் ஓடுகின்றன. ஆனால் அதெல்லாம் பெரிய காரியமில்லை. ஒன்பது வயதில் செய்ததுதான் காரியம்.

அப்போது சண்டையில் எங்கள் ஊரே இடம்பெயர்ந்து ஒரு அம்மன் கோயில் மடத்தில் கிடந்தது. அரிசி தேடிப் போன அப்பா, பாதை பூட்டுப்பட்டு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். அம்மாவுக்கு நிறைமாதம். மடத்தில் பிள்ளை பிறந்தால் துடக்கு, அந்தத் தீட்டுக்குக் கோயிலைப் பூட்ட வேண்டும். கோயிலைப் பூட்டினால் மடமும் பூட்டு, அத்தனை சனமும் தெருவில். ஆகவே வலி கண்டவுடன் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று கோயில் மனேச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார். நல்ல மனுஷன், ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

அம்மாவுக்கு வலி கண்டது ஒரு மத்தியானம். அந்த நேரம் பார்த்து ஷெல்லடி தொடங்கியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

எங்களோடு இடம்பெயர்ந்த மருத்துவமாது ஒருவர் மடத்தில் இருந்தார். எல்லோருக்கும் அவர் மிட்வைஃப் அன்ரி. கத்தரிக்கோலும் நூலும் மருந்துப் போத்தலும் வைத்த பையைத் தவிர வீட்டிலிருந்து ஒன்றும் எடுக்காமல் ஓடி வந்தவர். மடத்து மூலையில் இரண்டு சேலைகளைக் கட்டி மறைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உன்ர பெருவிரல்ல தேள் கடிச்சிட்டுது. விளங்குதோ? கொம்மா சத்தம் போடேக்க நீ அதைவிடப் பெரிசாக் கத்தோணும்."

நான் கத்திப் பார்த்தேன்.

"கடிச்சது தேளோ, நுளம்போ? நல்லாக் கத்தடி."

அதன் பிறகு கத்தினேன் பாருங்கள், ஷெல்லுக்குப் பறக்காத கூரை ஓட்டுப் புறாக்கள் எனக்குப் பறந்தன. மனேச்சர் ஓடி வந்தார். நான் நொண்டிக்கொண்டு வெளியே போய், தேள் கடித்துவிட்டது என்று இடது காலைப் பிடித்துக் காட்டினேன். சேலைக்குப் பின்னால் அம்மா மறுபடி முனகினாள். நான் பதறி அலறியதில் கைதவறி வலது காலைப் பிடித்துவிட்டேன்.

அவர் என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிள்ளை, முதல் மற்றக் கால் எல்லோ?"

நான் சட்டென்று காலை மாற்றினேன். அவர் தலையாட்டிவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"தேள் கடிக்குத் துடக்கில்லை. ஆரும் அங்க போய்க் கரைச்சல் குடுக்காதேங்கோ."

என் நடிப்பின் பலனைப் பிறகு பார்த்தேன். குடிக்கவே தண்ணீர் இழுபறியான மடத்தில் தேள் கடித்த பிள்ளைக்கென்று ஒரு பெரிய கிடாரம் நிறைய வெந்நீர் வந்தது. மனேச்சரின் திருவிழா வேட்டி, தோய்த்து மடித்தபடி, என் விரலுக்குக் கட்டுப்போட வந்தது. யாரோ ஒருத்தி தன்னிடமிருந்த கடைசி உள்ளிப்பூண்டையும் மிளகையும் போட்டு ரசம் வைத்து அனுப்பினாள். எல்லாவற்றையும் நானே வாங்கி உள்ளே கொடுத்தேன். தம்பி வீரிட்டபோது அவனையும் மிஞ்சிக் கத்தினேன்.

ரசம் முழுவதையும் அம்மாவே குடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடி வாங்கியவள் நான் அல்லவா? சொல்லியும் விட்டேன். வேட்டியைக் கிழித்துத் தம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த அன்ரி, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் ஷெல்லடி ஓய்ந்ததும் அம்மாவையும் தம்பியையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை அங்கேதான் பிறந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மடத்துச் சனத்தையே ஏமாற்றிய கெட்டிக்காரி என்று நான் நிமிர்ந்து நடந்தேன். அந்த நிமிர்வில்தான் இந்த நாட்டில் இவ்வளவும் கட்டினேன்.

போன மாதம் மல்கிரேவில் அந்தத் தம்பிக்கே பிள்ளை பிறந்தது. பெற்றவளுக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக் கொடுக்க நான் மெல்பேர்ன் போனேன். தாயையும் பிள்ளையையும் பார்க்க ஆஸ்பத்திரி மிட்வைஃப் வீட்டுக்கு வந்தாள், சின்னப் பெட்டை. விடுவேனா? உள்ளி உரித்தபடியே கதை முழுவதையும் சொன்னேன். தம்பி இங்கிலிஷில் மாற்றிச் சொன்னான். அவள் கடைசியில் ஏதோ கேட்டாள். தம்பி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றான்.

"என்னவாம்?"

"தேள் கடிக்கு அவ்வளவு சுடுதண்ணி ஏன் எண்டு கேக்கிறா, அக்கா."

கையில் பாதி உரித்த உள்ளி. ஒரு சின்னப் பெருவிரலுக்கு முழு வேட்டி. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற ரசம். மற்றக் கால் எல்லோ என்று, பிசகிப்போக இருந்த நடிப்புக்கு அடியெடுத்துக் கொடுத்த மனேச்சர்.

அன்று அந்த மடத்தில் அத்தனை பேரும் நடித்திருக்கிறார்கள். அது தெரியாமல் நொண்டிக்கொண்டு திரிந்தவள் நான் ஒருத்திதான்.