படகுக்குள்ள மாமனார்

தன் ஊருக்கே திரும்பக் கப்பல் ஏறின பிரெஞ்சுக்காரர் ஒருத்தர்கிட்ட, அறை வச்ச பழைய மோட்டார் படகு ஒண்ணு வாங்கினேன். நானே பழுதுபாத்து, இன்னைக்குக் காலைல தேங்காய்த்திட்டு ஆத்துல எறக்கினேன். என் வாழ்க்கையில முதல் படகு. மீனவங்க கூடி நின்னு தள்ளிவிட்டாங்க.

மொத ஆளா ஏறினது என் மாமனார். பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோன் வரைக்கும் போய்வந்த சொல்தா, அதான் சிப்பாய். "மாப்பிள்ளைக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது"ன்னு ஊரெல்லாம் சொன்ன மனுஷன், கோட்டு தொப்பியோட அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்.

அந்தக் கதவுக்கு நேத்துதான் பெயிண்ட் அடிச்சிருந்தேன். கதவு நிலையோட அழகா ஒட்டிக்கிச்சு.

படகும் அழகா மிதந்துச்சு, கொஞ்ச நேரம். அப்புறம் நான் அடைச்ச ஓட்டையெல்லாம் ஒவ்வொண்ணா தொறந்துக்கிச்சு.

"மாப்ளே, தண்ணி முட்டிக்கு வந்துடுச்சு!"

"கதவை இழுங்க மாமா!"

"இழுத்துட்டேன். கைப்பிடிதான் வந்துச்சு!"

கரையில என் வீட்டுக்காரி அலறினா. பாத்துப் பாத்து இழைச்ச கதவை நங்கூரத்தாலயே ஒடைச்சேன். மீனவங்க அவரைத் தூக்கிட்டு வந்து கரை சேத்தாங்க. படகு அங்கியே முழுகிடுச்சு.

மாமனார் கோட்டைப் பிழிஞ்சுகிட்டே, "சைகோன் சண்டையிலகூட நான் இவ்ளோ பயப்படல, முசே"ன்னார். மாப்ளேங்கிறது போய், பிரெஞ்சுல "ஐயா" ஆயிட்டேன்.

வீட்டுக்காரி இப்பச் சோறு போடும்போது கேட்டா: "உண்மையைச் சொல்லுங்க. எங்கப்பா அந்த அறைக்குள்ள உக்காருவாருன்னு தெரிஞ்சுதானே பெயிண்ட் அடிச்சீங்க?"

இல்லைன்னா நம்பமாட்டா. ஆமான்னா, அவ்ளோ சாமர்த்தியம் உங்களுக்கு ஏதுன்னு கேப்பா.

கல்யாணமானவங்க யாராவது நல்ல பதிலாச் சொல்லுங்க. சோறு ஆறுது.