எல்லாக் கட்சிக்கும் ஒரே குழாய்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கட்சி கிடையாது. அதை நம்புகிற கட்சியும் கிடையாது. அறுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருஷம் போல, தி.நகரிலோ மயிலாப்பூரிலோ பொதுக்கூட்டம் என்றால் பெரும்பாலும் என்னுடைய ஒலிபெருக்கிக் குழாய்கள்தான் விளக்குக் கம்பங்களில் தொங்கும். உங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் கட்டிவிட்டுப் போன மகாபாவி நான்தான். நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு தவித்தீர்கள். நான், எவன் குழாய் மேல் கல்லை விடுவானோ என்று தவித்தேன். குழாய் நசுங்கினால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

எண்ணத் தெரியாதவன்

கூட்டத்துக்கு முன்னால் மைக்கைச் சோதிக்க வேண்டும் அல்லவா? வழக்கம்போல "ஒன், டூ, த்ரீ" என்றேன். இந்தி எதிர்ப்புச் சூடு ஆறாத நேரம். வட்டச் செயலாளர் ஒருவர் மேடையேறி வந்து, தமிழ்நாட்டில் தமிழில் எண்ணத் தெரியாதா என்று பிடித்துக்கொண்டார். நியாயம்தான். மறுநாள் மந்தைவெளியில் தேசியக் கட்சிக் கூட்டம். அதே ஞாபகத்தில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்றேன். நீ அந்தக் கோஷ்டி ஆளா என்று சட்டையைப் பிடித்தார்கள். டில்லியிலிருந்து பேச வருகிறவர் கேட்டால் என்ன நினைப்பார் என்றார் ஒருவர். எங்கே இந்தியில் எண்ணச் சொல்லிவிடுவாரோ என்று மைக்கை விட்டே நகர்ந்துகொண்டேன். எண்ணியிருந்தால் குழாயோடு நானும் நசுங்கியிருப்பேன்.

அன்று முதல் மைக்கில் வெறுமனே ஊதுவதோடு நிறுத்திக்கொண்டேன். சைதாப்பேட்டையில் ஒரு தொண்டர் அதையும் கூர்ந்து கவனித்துவிட்டுக் கேட்டார்: "நேத்து அவனுங்க கூட்டத்துல பலமா ஊதின. நமக்கு மட்டும் இன்னா, இவ்ளோதானா?"

எதிர்வீட்டுப் பக்கம்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து. ரிடையரான கணக்கு வாத்தியார் ஒருவர் வீட்டு மாடிக்கு நேராகக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். திட்டப் போகிறார் என்று பார்த்தால், ஏணியிலிருந்து இறங்கச் சொல்லிக் காப்பி கொடுத்தார். நான் குடித்து முடித்தேன். பிறகு தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நான் இவாளுக்கு ஓட்டே போடலை. போட்டது எதிராத்து வக்கீல். குழாயை அவர் பக்கம் திருப்பிடுங்கோ, நன்னா கேக்கட்டும்."

கட்சி இரண்டான சாயங்காலம்

அப்புறம் ஒரு பெரிய கட்சி இரண்டாகப் பிரிந்தது. அதுவரை ஒரே சைக்கிளில் வந்து எனக்குக் கூட்டம் சொல்லிவிட்டுப் போகும் ஏழுமலையும் தனபாலும் ஆளுக்கொரு கட்சிக்குச் செயலாளர் ஆனார்கள். போட்டிக்கு ஒரே சாயங்காலம், தி.நகரில் ஒரே தெருவில் கூட்டம் போட்டார்கள்: கிழக்கு முனையில் ஏழுமலை, மேற்கு முனையில் தனபால். இரண்டு பேருமே என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு மாட்டேன் என்றால் நான் மற்றவருடைய ஆள். அப்புறம் குழாய்களின் கதி தெரிந்ததுதானே. தெரு நடுவில் ஒரு வெற்றிலைபாக்குக் கடையில் மின்சாரம் வாங்கி, இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் அங்கேயே வைத்து இருபுறமும் ஒயர் இழுத்தோம்.

என் கூட்டாளி கோவிந்தன் அவசரத்தில் குழாய் ஒயர்களை மாற்றிச் செருகிவிட்டான். கிழக்கே பேசியது மேற்கே கேட்டது, மேற்கே பேசியது கிழக்கே கேட்டது. பாதிக் கூட்டத்தில்தான் எனக்கே அது உறைத்தது. இன்றோடு பிழைப்பு போச்சு என்று நினைத்தேன். ஆனால் இரண்டு முனையிலும் கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போகிறது! இரண்டு மேடைப் பேச்சாளர்களுமே எதிராளியைத் துரோகி என்றார்கள். மறைந்த தலைவர் வழி எங்கள் வழி என்றார்கள். நாகரிகம் கருதிப் பேர் சொல்லித் திட்டவில்லை. முன்வரிசைக்காரர்கள் மட்டும் பேச்சாளரின் வாயைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பினார்கள்.

ஏழுமலை வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். நான் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "தொடாத நைனா. நம்ம ஆளு பேச்சுக்கு இவ்ளோ கைத்தட்டு எப்பவும் வுழுந்ததில்ல. முடியற வரைக்கும் தனபால் ஆளையே பேச வுடு."

அதற்குப் பிறகு எத்தனையோ கட்சிகள் உடைந்தன. ஆண்டவன் புண்ணியத்தில் என் குழாய் ஒன்றுகூட உடையவில்லை.