படங்கு விரித்த இடம்

சந்தைக்குப் புதுக் கட்டடம் திறந்தபோது சிறப்பு மலர் ஒன்று போட்டார்கள். ஹாலிஎல சந்தையின் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதச் சொல்லித் தமிழ் வாத்தியாரான என்னிடம் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்து லயவீட்டில் பிறந்தவனுக்கு டவுன் ஆட்கள் படத்தோடு நான்கு பக்கம் தருகிறார்கள் என்றால் சும்மாவா?

எனக்குத் தெரிந்த ஆரம்பம் இதுதான். கட்டடமும் கூரையும் இல்லாத நாளில், அந்தச் சேற்று நிலத்தில் முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் தோட்டத்துப் பெண்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தரையில் விரித்து, லயத்துக்குப் பின்னால் விளைந்த போஞ்சிக் காயைக் குவித்து வைப்பார்கள். எழுந்து போகவேண்டி வந்தால் படங்கின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். கல் இருக்கும்வரை அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். கடைகள் வந்ததெல்லாம் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான்.

இதை எழுதியும் விட்டேன். பிறகு அதை அடித்து நீக்கினேன். வாத்தியாரின் அம்மா சாக்கு விரித்து விற்றவளா என்று நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சம். கடை முதலாளிமாரிடமிருந்து கதையைத் தொடங்கி நான்கு பக்கத்தையும் நிரப்பினேன். வெட்கங்கெட்ட வேலை.

மலர் கைக்கு வந்த அன்று, எழுத்து வாசனை இல்லாத அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாங்க படங்கு விரிச்சு ஒக்காந்தத போட்டிருக்கியாப்பா?"

"போட்டிருக்கேம்மா."

"வாசி, பாப்போம்."

பக்கத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாததை வாசித்தேன். படங்கு, போஞ்சி, கல் எல்லாம் வந்தன. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மலரைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனாள். அந்தக் காலத்தில் பக்கத்துப் படங்கில் உட்கார்ந்தவள் இப்போதும் அங்கே வெற்றிலை விற்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். அது எனக்கு அப்போது நினைவில் இல்லை.

மத்தியானம் திரும்பி வந்த அம்மா மலரை என் முன்னால் விரித்தாள்.

"பாவம், அவளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. ரெண்டு வாட்டி தேடியும் அந்த எடம் அகப்படல. நீ அதுக்குக் கீழ ஒரு கோடு போட்டுக் குடு."

மாதங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு ஞாயிறும் சந்தைக்குக் கிளம்பும்போது அம்மா அந்தக் கோட்டைக் கேட்கிறாள். பேனாவில் மை இல்லை என்கிறேன், வாத்தியார் வீட்டில்.