பள்ளத்துப் பக்கம்

"ரெண்டு பேரு சோடியா நடக்க நம்ப பாதையில எடம் ஏது பாப்பா?" என்று அப்பா கேட்டார். என் இடது கையில் வறுத்த கருவாட்டுத் துண்டு இருந்தது. அந்தக் கையையே பார்த்தபடி, முழங்காலை ஒட்டி, மூன்று மாதச் செவலை நாய்க்குட்டி நடந்துகொண்டிருந்தது. போளூரில் விடுதியில் தங்கிப் பத்தாவது முடித்து நான் மலைக்குத் திரும்பியிருந்த நேரம். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். "புக்குல போட்டிருக்குப்பா. உனுக்குத் தெரியாது" என்றேன்.

புத்தகம் பள்ளி நூலகத்தில் இருந்தது. அடிக்காமல், கயிற்றை இழுக்காமல், தின்னக் கொடுத்தே நாயைப் பழக்குவது எப்படி என்று படம் போட்டிருந்தார்கள். எல்லாப் படத்திலும் நாய் ஆளின் இடப்பக்கம். முழுவதையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்களிடம் முன்பிருந்த நாய் முந்திக்கொண்டு ஓடி, காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியில் மாட்டிச் செத்திருந்தது. இந்தக் குட்டி என்னை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

கதிரடிக்கும் களத்தில் பழக்கினேன். "கூட வா" என்பேன். என்னோடு இரண்டு எட்டு வந்தால் ஒரு துண்டு. அப்புறம் ஐந்து எட்டுக்கு ஒன்று, பிறகு பத்துக்கு. முந்தி ஓடினால் திட்டமாட்டேன், நின்றுவிடுவேன். அது திரும்பிப் பார்க்கும், யோசிக்கும், ஓடிவந்து பழைய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தே நாளில் களத்தை முழுச் சுற்றுச் சுற்றியது. பக்கத்து வீட்டுச் சித்தப்பா வேலியில் சாய்ந்து சிரித்தார். "இன்னாண்ணா, உம் பொண்ணு நாயையும் பத்தாவது பாஸ் பண்ண வெச்சிடுமா?"

"பண்ண வெக்கட்டும். நாமதான் படிக்கல" என்றார் அப்பா. அதன்பின் பாதையைப் பற்றி அவர் பேசவே இல்லை. செங்கம் சந்தைக்குப் போனால் மறக்காமல் கருவாடு வாங்கிவந்தார். நான் சொன்னது சரி என்று அவர் ஒப்புக்கொண்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலை, சாமைக் கொல்லையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். தலையில் புல்கட்டோடு அப்பா முன்னால். அவர் பின்னால் நான். என் இடப்பக்கம் குட்டி. இறங்கும்போது அந்தப் பாதையில் இடப்பக்கம்தான் பள்ளம். அப்பா ஒருமுறை நின்று, திரும்பிக் குட்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போலிருந்தது. சொல்லாமல் நடந்தார். அடுத்த வளைவில் ஓரத்து மண் குட்டியோடு சரிந்தது. குட்டி கால் வைத்த இடத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அப்பா புல்கட்டைப் போட்டுவிட்டு வேரைப் பிடித்துக் கீழே இறங்கினார். குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். வீடு வந்து சேர்வதற்குள் அது அடங்கிவிட்டது. புளியமரத்தடியில் குழி தோண்டும்போது அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

"மழைதாம்ப்பா. மண்ணு ஊறிப்போச்சி" என்றேன்.

"ஆமா பாப்பா. மழைதான்" என்றார் அவர். மண்ணைத் தள்ளி முடித்ததும், "கூட வான்னா கூடவே வந்துச்சி. நல்ல குட்டி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடமே அப்பா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அந்தப் பாதையில் ஐம்பது வருடம் நடந்தவர். படித்த பெண் சொல்கிறாள் என்றுதான் அன்று வாயை மூடிக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தப்பு என்னுடையது என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்ல எத்தனையோ சாயங்காலங்கள் இருந்தன.

இப்போது கீழூர் பால்வாடியில் எனக்கு வேலை. தினமும் அதே பாதைதான். போன மாதம் ஒரு குட்டி எடுத்துவந்தேன். அதே கருவாடு, அதே இரண்டு எட்டு, ஐந்து எட்டு. ஆனால் கையைப் பக்கத்தில் வைப்பதில்லை, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். "பின்னால வா" என்கிறேன். இன்று காலை அந்த வளைவை நாங்கள் கடந்தோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு முடிந்த இடத்தில், விரல் நுனியில் ஈர மூக்கு வந்து இடித்தது. கையைத் திறந்தேன்.