சோப்பு நுரைத்த ஊர்

எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். நேற்றுக் காலை வந்தது வழக்கமான லாரி அல்ல. வேறு ஓட்டுநர், வேறு குழாய். தொட்டிக்குள் குழாயைச் செருகித் திறந்ததும் டீசலும் பாசியும் ஈரச் செங்கல்லும் கலந்த ஒரு வாசனை என் பால்கனி வரைக்கும் ஏறி வந்தது. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். (சட்டைகள் ஒரு கொடியில், புடவைகள் ஒரு கொடியில், கிளிப்புகள் நிறவாரியாக. வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.) கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்து, "எங்கேர்ந்துப்பா தண்ணி?" என்று கேட்டேன்.

"மாடம்பாக்கம் பக்கம்க்கா. கெணத்துத் தண்ணி. தைரியமா புடிங்க."

மாடம்பாக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எனக்கு யாரும் தைரியம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குடும்பம் லீவுக்கென்று வெளியூர் போனது அந்த ஒரே ஊருக்குத்தான்.

சிரிக்காதீர்கள். குரோம்பேட்டையிலிருந்து மாடம்பாக்கம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கும் தெரியும். நாங்கள் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, நடைமேம்பாலம் ஏறி இறங்கி, கிழக்குப் பக்கம் டவுன் பஸ் பிடிப்போம். அதற்கு அம்மா விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதம் கிளறுவாள். எங்களிடம் சூட்கேஸ் கிடையாது என்பதால் அப்பா துணிகளைத் தலையணை உறைகளில் திணித்து வாயைக் கட்டிவிடுவார். ரயிலில் சாதத்தைத் திறக்க நேரம் இருக்காது, அதற்குள் தாம்பரம் வந்துவிடும். ஆகவே பஸ் புறப்படக் காத்திருக்கும்போது பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்போம். ஒருமுறை கண்டக்டர் கேட்டார்: "எந்த ஊருக்கும்மா டூரு?"

"மாடம்பாக்கம்" என்றாள் அம்மா, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அங்கே அம்மாவின் அக்கா இருந்தாள், எங்கள் பெரியம்மா. பெரியப்பா ஒரு கிணறும் மோட்டாரும் வைத்துக்கொண்டு கீரை பயிரிட்டு வந்தார். கீரைக்கட்டுகள் மார்க்கெட்டுக்குப் போன பிறகு மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் எங்களுடையது. குழாயிலிருந்து தண்ணீர் சிமென்ட் தொட்டியில் விழும் இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யாரோ தட்டிக்கொடுப்பது போல இருக்கும். வீட்டில் சத்தம் போட்டுப் பேசாத அப்பா, துண்டைக் கட்டிக்கொண்டு அந்தக் குழாய்க்கு அடியில் நின்று ஏதோ பாட்டு பாடுவார். அம்மா தொட்டிச் சுவரில் உட்கார்ந்து எங்கள் முதுகை மாற்றி மாற்றித் தேய்ப்பாள். சோப்பு போடப் போட நுரை வரும். காது, கழுத்து, கண்ணிமை எல்லாம் நுரை. நாங்கள் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் பார்த்துச் சிரிப்போம்.

"ஏண்டி, வருஷம் பூரா அழுக்க சேத்து வச்சு இங்க கொண்டாந்து கழுவுறீங்களா?" என்பாள் பெரியம்மா. பெரியப்பா விட்டுக்கொடுக்க மாட்டார்: "இருக்கட்டும் வுடு. தண்ணி சும்மா எளநி மாரி கீது, குளிச்சுட்டுப் போவட்டும்."

சோப்பு நுரைப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நுரைக்காது. குரோம்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வரிசையாக இருந்தன. அவற்றின் கழிவுநீர் ஓடை எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டிப் போகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பார்வைக்கு லேசான டீ நிறம். சோப்பைக் கரைத்தால் பால் திரிந்தது போலத் துகள் துகளாக ஒதுங்கும். குடிக்கத் தெருமுனைக் குழாயில் பாலாற்றுத் தண்ணீர் பிடிப்போம். குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாம் கிணறுதான்.

அந்த ஓடையின் வாடையை என்னால் விவரிக்க முடியாது. சுண்ணாம்பும் பச்சைத்தோலும் என்று எழுதினால் பாதிதான் சரி. அப்பாவின் சட்டைக் காலரில் அந்த வாடை எப்போதும் இருக்கும். அப்பா அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் டைம் ஆபீஸ் கிளார்க்.

என் அக்கா சுகந்திக்குப் பதினான்கு பதினைந்து வயதிலிருந்தே கையில் வெடிப்பு. முதலில் விரலிடுக்கில் அரிப்பு, பிறகு மணிக்கட்டு வரை சிவந்து, தோல் செதில் செதிலாகக் கிளம்பி, பிளந்து நீர் கசியும். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவாள். டைப்ரைட்டிங் வகுப்பில் அவள் தட்டிய மெஷினில் அடுத்த பெண் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். அக்கா வகுப்புக்குப் போவது நின்றது. அதே கிணறு, அதே வாளி, அதே சோப்பு, எனக்கு ஒன்றுமே வரவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மருத்துவர் களிம்பு எழுதித் தந்து, "தண்ணிய மாத்திப் பாருங்க" என்றார்.

"உடம்பு சூடு. கத்திரிக்காய நிறுத்து" என்றார் அப்பா.

அம்மா கத்திரிக்காயை நிறுத்தினாள். பிறகு கருவாட்டை, பிறகு புளியை. அதற்கடுத்த மே மாதம், "அக்கா ரொம்ப நாளா கூப்பிடறா, பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டு வரலாம்" என்றாள். "காத்து மாறினா நல்லதுதான்" என்றார் அப்பா. தண்ணீர் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாதவரை நாங்களும் சொல்ல முடியாது. சிகிச்சை என்றால் எதற்கு, யாரால் என்ற கேள்விகள் வரும். அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு அவர் மறுநாள் காலை எப்படி வேலைக்குப் போவார்? ஆகவே லீவு, எலுமிச்சை சாதம், தலையணை உறை.

மாடம்பாக்கத்தில் நாலைந்து நாளில் அக்காவின் கையில் சிவப்பு அடங்கும். பத்து நாளில் புதுத்தோல் வந்துவிடும், குழந்தைத் தோல் மாதிரி. அவள் கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் பெரியம்மா வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து அவள் மல்லிகை தொடுக்கும்போது அப்பா எதிரே பேப்பர் படிப்பது போல அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். எதுவும் கேட்க மாட்டார். ஜூன் முதல் வாரம் வீடு திரும்புவோம். பள்ளி திறந்து புதுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்குள் வெடிப்பும் திரும்பிவிடும்.

எண்பத்தாறாம் வருடக் கோடையில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கிண்டியில் ஒரு பட்டறையில் டர்னர் வேலை, பல்லாவரத்தில் சொந்த வீடு, அம்மாவும் ஒரு அக்காவும். குரோம்பேட்டை வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் என்ன பார்ப்பார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், மாடம்பாக்கத்துல எங்கக்கா வீட்டுக்கு வந்துடுங்க" என்று சொல்லியனுப்பினாள். லீவு முடிகிற வாரமாகப் பார்த்து நாள் குறித்தாள். கை நன்றாக ஆற நேரம் வேண்டுமல்லவா.

வந்தார்கள். அக்கா காபித் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். "நல்ல லட்சணமான கை" என்றார். பெரியம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். மாப்பிள்ளையின் அக்கா கலகலப்பானவர். "இன்னாம்மா, நாங்களே கேட்டுக்கினு இருக்கோம். எங்க தம்பிகிட்ட நீ எதுனா கேக்கணும்னா கேளு" என்றார்.

பெண் எதுவும் கேட்காது என்ற நம்பிக்கையில் சொல்வது அது. அக்கா தலை நிமிர்ந்து, "உங்க வீட்டுத் தண்ணியில சோப்பு நுரைக்குமா?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அக்காவுக்குப் புரையேறியது. "நுரைக்கலன்னா ஃபாரின் சோப்பு வாங்கியாந்து தருவாண்டி எங்க தம்பி!"

"சினிமா பாப்பியா, டிவி கீதான்னு கேக்கும்னு பாத்தா, சோப்பக் கேக்குது பாரேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "குடும்பத்துக்கு ஏத்த பொண்ணுதான்."

அக்கா சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். மாப்பிள்ளையும் சிரிக்கவில்லை. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அப்பாவின் பக்கம் திரும்பினாள். அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பல்லாவரத்திலும் தோல் தொழிற்சாலைகள் உண்டு; எந்தப் பக்கம் வீடு, எந்த ஓடைக்குப் பக்கம் என்று கேட்க அந்தத் தொழிலில் இருந்த அவருக்குத்தான் தெரியும். அவர் எழுந்து, "வெயில் ஏறுது, சாப்பிட்டுட்டுக் கெளம்பலாம்" என்றார்.

ஆவணியில் கல்யாணம். தலைதீபாவளிக்கு அழைக்க நானும் அம்மாவும் பல்லாவரம் போனோம். வாசலில் அடிபம்பு. கால் கழுவ நான் அடித்தேன். டீ நிறம். அம்மியடியில் கிடந்த சோப்புத் துண்டை எடுத்துக் கையில் தேய்த்தேன், திரிந்தது. அக்கா உள்ளேயிருந்து வந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தாள். என் கையில் இருந்த சோப்பை வாங்கி எடுத்த இடத்தில் வைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாத. அவருக்குத் தெரியும்" என்றாள்.

மாமியார் அம்மாவிடம் நேரடியாகவே கேட்டார்: "பொண்ணு பாக்க வந்தப்ப கை பளபளன்னு இருந்துச்சே. எந்தக் கடைல வாங்கிப் பூசுனீங்க?" நாங்கள் கையை மறைத்தோம், அவர்கள் தண்ணீரை மறைத்தார்கள். ஆனால் அந்த வீட்டில் ஏமாற்றியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அடுத்த மே மாதம் அக்காவை அனுப்பவில்லை. "கல்யாணம் ஆனவளுக்கு இன்னா லீவு?" என்றார் மாமியார். நாங்கள் மூவரும் மாடம்பாக்கம் போனோம். அப்பா பாடவில்லை. ஊர் திரும்பும் நாளன்று பெரியப்பாவிடம் இரண்டு பிளாஸ்டிக் கேன்களை வாங்கிக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார். பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் எடுத்தார். குரோம்பேட்டையில் எங்களை இறக்கிவிட்டு, அதே ரயிலில் பல்லாவரம் போனார். என்ன சொல்லி அந்த வீட்டில் இறக்கினார் என்பதை அக்கா பிறகு சொன்னாள்: "ஊர்த் தண்ணி. பெரியம்மா குடுத்தனுப்பிச்சாங்க."

மாமியார் ஒரு டம்ளர் மொண்டு குடித்துப் பார்த்தாராம். "அடேயப்பா, என்னா ருசி! இதுல போய் யாராவது கை கழுவுவாங்களா?" என்று இரண்டு கேனையும் சமையலறைக்குள் எடுத்துக்கொண்டாராம். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் காபி பிரமாதம். காபி டம்ளர்களை அக்கா அடிபம்புத் தண்ணீரில் கழுவினாள்.

அப்பா அதன் பிறகும் இரண்டு மூன்று முறை கேன் சுமந்தார். அத்தான் நல்லவர். தெருக்குழாயில் வரிசை நின்று அவளுக்கென்று ஒரு வாளி தனியாகப் பிடித்து வைப்பார். ஒரு வாளி எத்தனை பாத்திரத்துக்குக் காணும்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியப்பாவால் முடியாமல் போய் நிலத்தை விற்றார். வாங்கியவர்கள் மனை பிரித்து மஞ்சள் பூசிய கற்களை நட்டார்கள். கிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடி, அதன் மேல் ஒரு வீடு. யார் வீடு என்று தெரியாது. எங்கள் லீவு அத்தோடு சரி. அப்பா ஓய்வு பெற்று, ஒரு வருடம் வீட்டில் இருந்து, இறந்துபோனார். தண்ணீரைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மா இல்லை, அம்மா இல்லை, அந்த மாமியாரும் இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த தொழிற்சாலைகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. இப்போது எல்லா வீட்டிலும் விலைக்கு வாங்கும் தண்ணீர்தான். எந்த வீட்டில் எது நுரைக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அக்கா பல்லாவரத்தில்தான் இருக்கிறாள். அரிப்பு நின்று பல வருடமாகிறது. கை வழவழவென்று, வெளுத்து, யாருடைய கையோ போல இருக்கும். சென்ற மாதம் அவளுடன் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கடையில் இருந்த பெண் மெஷினை நகர்த்தி, "வெரல் வைங்கம்மா" என்றாள். வைத்தாள். மெஷின் ஏற்கவில்லை. "வேற வெரல்." அதுவும் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாக எல்லா விரலையும் வைத்துப் பார்த்தாள்.

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "என்னம்மா இது, ஒரு வெரல்லகூட ரேகையே இல்ல?"

"பொறக்கும்போது இருந்துச்சும்மா" என்றாள் அக்கா.

பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.