வாபஸ் வாங்கிய மத்தியானம்

ரயிலடிக்கு எதிரே நின்ற பெரிய புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்களே, அதற்கு மறு வருஷம்தான் நான் முனிசிபாலிட்டி எலெக்‌ஷனில் சுயேச்சையாக நின்றேன். வருஷக் கணக்கு எனக்குச் சொல்ல வராது. மரம் விழுந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முழுசாக இரண்டு நாள் வெட்டினார்கள். அதன் நிழலில் என்னுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு ஜட்கா வண்டி நிற்கும். மரம் போன பிறகும் குதிரைகள் பழைய வழக்கத்தில் நிழல் இருந்த இடத்திலேயே போய் நின்றன. வெயில் முதுகில் அடிக்கும். நகரச் சொன்னாலும் நகராது.

அடுத்து ஸ்டாண்டையே எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊருக்குள் ஆட்டோ வரத் தொடங்கிய காலம் அது. ஜட்காவெல்லாம் ஊருக்கு வெளியே பொட்டலில் போய் நிற்க வேண்டுமாம். குதிரை தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியையும் பெயர்த்துவிடுவார்களாம். ரயிலில் வந்து இறங்குகிற ஜனம் ஜட்காவைத் தேடிப் பொட்டலுக்கு நடந்து வருமா?

அந்தச் சமயத்தில்தான் ரொம்ப வருஷமாக இல்லாதிருந்த முனிசிபல் தேர்தலை நடத்தப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் ஸ்டாண்டில் வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லாரும் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். நம்மில் ஒருத்தன் உள்ளே போய் உட்கார்ந்தால்தான் இந்த இடம் நிற்கும் என்றார் அவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. என் பெயரை எழுத மட்டும் என் மகள் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டிப் பழக்கியிருந்தாள். அதை நான் சொன்னபோது பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீதானப்பா ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரங்ககூடல்லாம் பேசறவன். அவங்ககிட்டயே பேசறவன் ஆபீசருங்ககிட்ட பேச மாட்டியா?"

வெள்ளைக்காரர்களிடம் நான் கையால்தான் பேசுவேன். ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார், செங்கம் ரோட்டில் ரூம் எடுத்து மாதக்கணக்கில் தங்குவார். தினம் என் குதிரைக்கு வாழைப்பழம் தோலோடு கொடுப்பார். அவரிடம் நான் பேசிய பாஷை அவ்வளவுதான். ஆனால் ஸ்டாண்டில் அது பெரிய படிப்பாகப் போய்விட்டது.

குதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செவலைக் குதிரை, பொட்டை. முன்னங்கால் இரண்டிலும் வெள்ளை. சந்தையில் வாங்கும்போது பெரியவரே கூட வந்து, கழுத்துச் சுழி, நெற்றிச் சுழி எல்லாம் விரலால் தடவிப் பார்த்து, குடும்பம் தழைக்கும் என்று சொன்ன பிறகுதான் வாங்கினேன். அவளுக்கு என் சவாரியெல்லாம் மனப்பாடம். காலையில் கடிவாளத்தை நான் தொடவே வேண்டாம். அரிசி மண்டிக்காரர் வீட்டு வாசலில் தானாகப் போய் நிற்பாள். அவருடைய இரண்டு பெண்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவது என் வேலை.

அந்த மண்டிக்காரர்தான் எங்கள் வார்டில் எனக்கு எதிராக நின்ற பெரிய கட்சியின் ஆள். வேட்புமனு கொடுத்து, அது செல்லும் என்று சொல்லிவிட்ட மறுநாளும் குதிரை வழக்கம்போல் அவர் வாசலில் போய் நின்றது. நான் என்ன செய்ய? தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வெளியே வந்தார். கோபமே இல்லை. பெண்களை ஏற்றிவிட்டுக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"ஏம்பா, எலெக்சன்ல நிக்கறியாமே. நில்லு, நில்லு. குதிரைக்குத்தான் வயசாவுது. பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அவர் தடவிய இடத்தைப் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே போனேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் வண்டி பூட்டும்போது வலதுபக்கச் சக்கரத்தின் கடையாணி இல்லை. அது இல்லாமல் நாலு சுற்று உருண்டால் சக்கரம் கழன்று தனியாகப் போகும். தானாக விழுந்திருக்கலாம். பழைய வண்டி. ஆனால் கொல்லையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. உள்ளே அந்தப் பெண்கள் இரண்டும் உட்கார்ந்திருக்கும்போது கழன்றிருந்தால்? அவர் பெண்கள் ஏறும் வண்டியில் அவர் ஆள் கை வைப்பானா என்றும் யோசித்தேன். யோசித்தாலும் பயம் போகவில்லை. பயத்துக்கு நியாயம் சொன்னால் கேட்காது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

வீட்டில் சொன்னேன். என் பெண்சாதி இட்லி வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். மாவு ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நீ இல்லன்னாகூட நான் இட்லி சுட்டுப் பொழச்சிக்குவேன். குதிரை இல்லன்னா ஒனக்கு இன்னா தெரியும்?"

கேலியாகத்தான் சொன்னாள். உண்மைதானே. அந்தக் குதிரை செத்தால் இன்னொன்று வாங்க எனக்கு வழி இல்லை. விஷம் வைத்துவிடுவார்களோ என்று அன்று முதல் குதிரைக்கு வெளியில் வாங்குகிற புல் போடுவதை நிறுத்தினேன். வாழைப்பழம் நீட்டிய வெள்ளைக்கார அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பழத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே போனார்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள் வந்தது. மத்தியானம் மூன்று மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாம். அதற்கப்புறம் சின்னம் கொடுப்பார்கள். குதிரைச் சின்னம் கேட்டோம், பட்டியலில் குதிரை இல்லை. குடை கேட்டிருந்தோம். பதினொரு பேரும் வீட்டுக்கு ஒரு குடையாகக் கொண்டுவந்து வண்டியில் செருகி வைத்திருந்தார்கள். மாசி மாசத்து வெயிலில் குடையோடு ஊர்வலம் போவது என்று ஏற்பாடு. ஒரு குடை கம்பி முறிந்தது. அதற்கும் நூல் கட்டி வைத்திருந்தார்கள்.

மத்தியான பாசஞ்சர் வந்தது. ஒவ்வொருத்தராகச் சவாரி ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சவாரியில் மனசில்லை. குதிரையைத் தொட்டி ஓரம் கட்டிவிட்டு எதிரே டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஸ்டாண்டில் வேறு வண்டி இல்லை, என் குதிரையின் முகத்தில் ஒரு பை கட்டியிருக்கிறது. கொள்ளுப் பை. என் பை என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இது வேறு துணி. குதிரை மும்முரமாக மென்றுகொண்டிருக்கிறது.

பிடுங்கினேன். வார் அறுந்து கையோடு வந்தது. பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தாள். ஊறிய கொள்ளுதான். மோந்து பார்த்தேன். கொள்ளு வாசனைதான். விஷத்துக்கு வாசனை உண்டா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பிடி அள்ளி நானே வாயில் போட்டு மென்றேன். நாக்கு கசக்கிறதா, தொண்டை எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஆள் நடமாட்டம். பழக்கூடை, போர்ட்டர், சாமியார்கள். யார் கட்டினார்கள் என்று யாரைக் கேட்பது? கேட்டால் கட்டினவன் காதிலேயே விழுந்தால்?

பையைத் தொட்டிக்குள் விட்டெறிந்துவிட்டு, அங்கிருந்து நேரே முனிசிபல் ஆபீசுக்குப் போனேன். வண்டியில் ஏறி உட்காரக்கூட இல்லை, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் குதிரையைக் கட்டினேன்.

எலெக்‌ஷன் வேலை பார்த்த கிளார்க் சின்ன வயசுக்காரர். கண்ணாடி போட்டவர். கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் தாயாரோடு இருந்தார். நான் வாபஸ் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாராச்சும் பயமுறுத்தினாங்களா? சொல்லுங்க, நானே ஆபீசர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

இல்லை, குடும்பக் கஷ்டம் என்றேன். நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காததை அவர் பார்த்தார்.

"மணி ரெண்டுதான் ஆவுது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. வெளிய உக்காந்து நல்லா யோசிச்சிட்டு வாங்க. அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா அப்புறம் மாத்த முடியாது."

வெளியே வந்து உட்கார்ந்தேன். குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலையைத் தொங்கப் போட்டாள். பின்னங்கால் ஒன்றை மடித்தாள். எந்தக் குதிரையும் மத்தியானத்தில் இப்படித்தான் நின்றுகொண்டே தூங்கும். இத்தனை வருஷம் குதிரையோடு பிழைத்தவனுக்கு அது தெரியாதா? அன்றைக்குத் தெரியவில்லை. விஷம் ஏறுகிறது என்றே நினைத்தேன். உள்ளே ஓடினேன். கிளார்க் அந்தத் தாளை ஒன்றுக்கு இரண்டு தடவை எனக்குப் படித்துக் காட்டினார். புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். புரிந்துதான் போட்டேன்.

குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் ரயிலடிக்குத் திரும்பினேன். வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்: உண்மையைச் சொல்லிவிடலாம், மிரட்டினார்கள், குதிரைக்கு விஷம் வைத்தார்கள், பயந்துவிட்டேன் என்று. பதினொரு பேரும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நூல் கட்டிய குடை பெரியவர் கையில். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"இன்னாப்பா, அவ்ளோ கொள்ளு ஊற வெச்சிக் கட்டிட்டுப் போனேன், பைய அறுத்துத் தொட்டிக்குள்ள போட்டிருக்குது ஒன் குதிரை. நீ எலெக்சன் எலெக்சன்னு அலையறியே, பாவம் அது பட்டினி கெடக்குமேன்னு கட்டினேன்."

இனி எதைச் சொல்வது? பெரியவர் கட்டிய கொள்ளுக்குப் பயந்து பன்னிரண்டு குடும்பத்தின் இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றா? வாயில் வந்தது பொய். சின்னத்துக்குக் கையெழுத்து என்று சொல்லி கிளார்க் ஒரு தாளை நீட்டினான், படிக்கத் தெரியாமல் போட்டுவிட்டேன், பிறகுதான் தெரிந்தது அது வாபஸ் தாள் என்று. இப்படிச் சொன்னேன்.

குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. பெரியவர் என்னை நம்பினார், ஆனாலும் கேட்டார்.

"மலையப் பாத்துச் சொல்லு."

எங்கள் ஊரில் மலையைப் பார்த்து யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். நெருப்பாக நின்ற சாமி அது. ரயிலடியில் இருந்து திரும்பினால் எதிரே மலைதான். நான் திரும்பினேன். பார்த்தேன். சொன்னேன்.

அதன் பிறகு அந்தக் கிளார்க்கை எங்கள் ஆட்கள் சும்மா விடவில்லை. லஞ்சம் வாங்கிக்கொண்டு எழுதப் படிக்கத் தெரியாதவனை ஏமாற்றியவன் என்று பட்டம் கட்டினார்கள். அவர் வீட்டு வாசலில் சாணி விழுந்தது. பன்னிரண்டு ஜட்காவில் ஒன்றும் அவரை ஏற்றக்கூடாது என்று கட்டுப்பாடு. சில மாதம் கழித்து ஒரு நாள் பாசஞ்சரில் தாயாரோடு வந்து இறங்கினார். அந்த அம்மாளுக்கு முழங்கால் மடங்காது. வரிசையில் முதல் வண்டி என்னுடையது. கிளார்க் என்னிடம்தான் வந்தார். மெதுவாகக் கேட்டார்.

"நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

ஸ்டாண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் சாணி என் வாசலுக்கு வரும் என்று பயம். குதிரையின் வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தாயார் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயில் வரைக்கும் அந்தக் கால்களோடு. என் குதிரை பின்னாலேயே இரண்டடி எடுத்து வைத்தது, சவாரி ஏறிவிட்டது என்று நினைத்து. நான்தான் இழுத்து நிறுத்தினேன்.

மண்டிக்காரர் ஜெயித்தார். ஸ்டாண்டு பொட்டலுக்குப் போனது. நான் இருந்திருந்தால் மட்டும் நின்றிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. கடையாணியை யார் எடுத்தார்கள், யாராவது எடுத்தார்களா என்பதும் இன்றுவரை தெரியாது. அவர் பெண்களை அவர்கள் பெரியவர்களாகும் வரை நான்தான் பள்ளிக்கூடத்தில் விட்டேன்.

பொய்ச் சத்தியத்துக்குக் குதிரைதான் பலி ஆகும் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவள் வயசாகி, தன் பாட்டுக்குப் படுத்து, வலி இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் பயம் ஜாஸ்தியாகிவிட்டது. அவள் இல்லை என்றால் வேறு யார் மேல் வரும்? மகள் தலைவலி என்றால் பயம், பேரன் சைக்கிள் எடுத்தால் பயம். இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை தெரியும். நான் தரையைப் பார்த்தே நடந்து பழகிவிட்டேன். ஏதோ முதுகுக் கோளாறு என்று டாக்டர் சொன்னார். சரி என்றேன்.

பெரியவர் இல்லை. அந்தப் பதினொரு பேரில் யாரும் இல்லை. அவர்கள் பேரன்மார் நாலைந்து பேர் ரயிலடியில் ஆட்டோ ஓட்டுகிறார்கள். ஜட்கா ஸ்டாண்டு எப்படிப் போனது என்று பேச்சு வந்தால் இன்னும் அந்தக் கிளார்க்கைத்தான் திட்டுகிறார்கள். என் காதாலேயே கேட்டேன். அவர்கள் பிறக்கும் முன்னே நடந்தது. கிளார்க் மாற்றலாகி ஆரணிப் பக்கம் போனார் என்று சொல்வார்கள். இருக்கிறாரோ இல்லையோ, பிள்ளைகள் இருப்பார்கள்.

எனக்கு எழுத வராது என்பதால்தான் உங்களிடம் சொல்கிறேன். முதலில் ஆட்டோ ஸ்டாண்டில் போய் இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கிளார்க் யாரையும் ஏமாற்றவில்லை, இரண்டு தடவை படித்துக் காட்டினார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஆரணிப் பக்கம் யாராவது போனால், அந்த வீட்டைத் தேடிப் பிடித்து அவர்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள். முதல் வண்டியில் இருந்தவன் சொல்லச் சொன்னான் என்று சொன்னால் போதும்.