மூன்று பாய் அறையில் பெரிய திரை

இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்கிறார்கள். "மூணு பாய் ரூமுமா, தாராளமா கீது" என்றுதான் வீட்டுக்கார அக்கா எங்களுக்குக் காட்டினார். ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சாத்தான்குளம் பக்கம் எங்கள் வீட்டில் விருந்தாள் வந்தால் முற்றத்தில் போய்ப் படுத்துக்கொள்வோம். இடத்தை யாரும் அளந்ததில்லை. இங்கே வாசலோரம் நான், நடுவில் தேனிப் பெண் ஒருத்தி, சுவரோரம் செல்வியக்கா. எங்கள் ஊர்க்காரியான அவள்தான் என்னைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவள்.

போன வருடம் காண்ட்ராக்ட் முடிந்தது என்று செல்வியக்காவை நிறுத்திவிட்டார்கள். "திரும்பக் கூப்பிடுவாவட்டி, பாய் கெடக்கட்டும்" என்று சுருட்டி வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள். முப்பதைத் தாண்டியவர்களைத் திரும்பக் கூப்பிடுவதில்லை என்பது பாகம் பொருத்தும் லைனில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நான் ஷிப்ட் முடிந்து வந்து செல்போனில் விரலால் படம் வரைவேன். சென்னையில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒருவர் அவற்றைப் பார்த்து வேலை கொடுத்தார். அது நிலைத்தால் லைனை விட்டுவிடலாம். அதற்காகத்தான் பென் டிஸ்ப்ளே வாங்கக் கிளம்பினேன். பேனாவால் திரைமேலேயே வரைகிற கருவி. கடையில் பெரியதையும் சிறியதையும் தொட்டுப் பார்க்க விட்டார்கள். பெரியதில் தோளிலிருந்து கையை வீசிக் கோடு இழுக்க முடிந்தது, முழுப் படமும் கண்முன் இருந்தது. சிறியதில் பாதிப் படத்தை என் கையே மறைத்தது. ஒரு முகத்தைப் பெரிதாக்கினால் மற்ற முகங்கள் வெளியே போய்விட்டன. ஆனால் அது மடியில் அடங்கும், பெரியதற்கு மேசை வேண்டும். மேசை போட இருப்பது சுவரோரம் மட்டும்தான்.

வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன்.

"இன்னாமா, டிவியா?"

"இல்லக்கா, படம் வரையறதுக்கு."

"அதுக்கு இன்னாத்துக்கு அத்தினி பெரிய டிவி? சரி, அந்தப் பொண்ணு வராதும்மா. பாயைத் தூக்கிட்டு மேசையப் போட்டுக்கோ."

செல்வியக்காவின் பாயைத் தூக்கச் சொன்னதில் கோபம்தான் வந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு சிறியதை வாங்கிவிட்டேன்.

புத்தகத்துக்கு முதலில் வரையச் சொன்னது ஒரு சந்தைக் காட்சி. கழுத்து நோகக் குனிந்து ஒவ்வொரு ஆளாகப் பெரிதாக்கி வரைந்து அனுப்பினேன். பின்னால் நிற்பவர்களின் தலை முன்னால் நிற்பவர்களுடையதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று புத்தகக்காரர் திருப்பி அனுப்பினார். திருத்தினேன், மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுநாள் லைனுக்குப் போனேன்.

அந்த மாதமே வீட்டுக்கார அக்கா ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை அழைத்து வந்தார். "சும்மாகீற எடத்த எத்தினி நாளைக்கு வெச்சிகினு இருக்கறது?" என்றார். அந்தப் பெண் பையைக் கீழே வைக்கக்கூடத் தயங்கி வாசலிலேயே நின்றாள். செல்வியக்காவின் பாயை எடுத்து லாஃப்டில் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்வியக்கா போன் செய்தாள்.

"ஏட்டி, புதுசா ஆள் எடுக்காவளாமே. என் எடம் கெடக்குல்லா?"

இரவு ஷிப்ட் முடித்து வந்த ஒடிசாப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி, "கெடக்குக்கா" என்றேன்.